மங்கிப்போன ஃபைபர் போட்டுக்கு எந்த பாலிஷிங் மெஷின் வாங்கலாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கோவளத்தில் பழைய ஃபைபர் போட் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 24 அடி, வெளிப்பக்கம் கருநீலம். வெயிலில் கிடந்து வெளுத்துப்போய், கை வைத்தால் வெளிர்நீலத் தூள் ஒட்டுகிறது. வீட்டில் நாலு இஞ்ச் கிரைண்டர் இருக்கிறது, அதில் வூல் பேட் (தேய்க்கும் கம்பளி வட்டு) மாட்டினால் போதும் என்கிறார் கடைக்காரர். டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷின்தான் வாங்க வேண்டும் என்கிறார் நண்பர். எத்தனை வாட்ஸ், எந்த மெஷின் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த போட்டில் பாலிஷ் போட்டால் பளபளப்பு திரும்புமா என்பது முதலாவது. திரும்பும் என்றால், மேல்பூச்சைத் தேய்த்துத் தீர்த்துவிடாமல் அந்த வேலையைச் செய்யும் மெஷின் எது என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்குப் பணம் போட வேண்டாம். காசிமேடு, ராயபுரம் பக்கம் ஃபைபர் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். உங்கள் போட்டை நேரில் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் கணிப்பு என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஜெல்கோட். ஃபைபர் போட்டின் நிறம் பெயின்ட் அல்ல. அச்சுக்குள் முதலில் அடிக்கும் நிறம் கலந்த பாலியஸ்டர் ரெசின் அடுக்கு அது. அதன் மேல்தான் கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் வைத்துக் கட்டுவார்கள். நன்றாகக் கட்டிய போட்டில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், ஒன்றரை விசிட்டிங் கார்டு அளவுதான். வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசினின் மேற்பரப்பை உடைக்கிறது. மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் விழுந்து வெளிச்சம் சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது. உடைந்த ரெசினும் நிறமும்தான் உங்கள் கையில் ஒட்டும் தூள். பாலிஷ் என்றால் இந்தக் கெட்டுப்போன மேல்தோலைச் சீவி எடுத்து, கீழே இருக்கும் நல்ல ஜெல்கோட்டைச் சமப்படுத்துவது. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் கொஞ்சம் ஜெல்கோட் போகிறது, அது திரும்ப வராது. மெஷின் தேர்வு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

மீதி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்வையால் அளக்க முடியாது. ஆனால் சில சோதனைகள் உதவும். நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நனைந்த இடத்தில் பழைய கருநீலம் திரும்பி, காய்ந்ததும் வெளுத்தால், கோளாறு மேற்பரப்போடு நிற்கிறது. பாலிஷுக்குப் பெரும்பாலும் வரும். நனைந்தும் வெளுப்பாகவே இருந்தால் நிறமே போயிருக்கலாம். நாரின் பின்னல் வெளியே தெரிந்தால் அந்த இடத்தில் ஜெல்கோட் முடிந்துவிட்டது, எந்த மெஷினாலும் பயனில்லை. சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் போட்டுகள் நிறைய வந்தன. எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு கட்டியதாகச் சொல்ல முடியாது. ஒரே போட்டில் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிந்தும் ஜெல்கோட் இருப்பது சாதாரணம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பழைய போட்டில் முந்தைய உரிமையாளர் மேலே பெயின்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணில் படாத மூலையில் தின்னர் நனைத்த துணியால் தேயுங்கள். பிசுபிசுத்து இளகினால் அது எனாமல் பெயின்ட். இறுகிய ஜெல்கோட் தின்னருக்கு அசையாது. பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட்டும் அசையாது என்பதால் இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்குக் கீறல் விழுந்த இடத்தைப் பாருங்கள். விளிம்பு செதிலாகப் பெயர்ந்து, அடியில் வேறு நிறம் தெரிந்தால் அது பெயின்ட். பெயின்ட் படலம் ஜெல்கோட்டைவிடப் பல மடங்கு மெல்லியது. நான் கீழே சொல்லும் முறை ஜெல்கோட்டுக்கு. பெயின்ட்டில் அதை அப்படியே செய்தால் கிழித்துவிடும்.

இப்போது கிரைண்டர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டாம். நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் சுற்று ஓடும். வெட்டுவதற்கும் வெல்டிங்கைத் தேய்ப்பதற்கும் செய்த மெஷின் அது. ஜெல்கோட்டில் பாலிஷ் போட ஆயிரத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு சுற்று போதும். 180 மில்லிமீட்டர் பேட் 1500 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் போகிறது. அதே பேட்டை 11,000 சுற்றில் ஓட்டினால் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் ஒரே இடத்தில் ஓரிரு நொடி நின்றாலே ஜெல்கோட் கருகி மஞ்சளாகும், பேட்டும் பிய்ந்து பறக்கலாம். ஸ்பீடு கன்ட்ரோல் உள்ள கிரைண்டர் என்றாலும் அதன் குறைந்த வேகமே பாலிஷுக்கு அதிகம். போதாக்குறைக்கு, இங்கே கிடைக்கும் நாலு இஞ்ச் கிரைண்டரின் முனை எம்10 (10 மில்லிமீட்டர்) மரை. நல்ல பாலிஷ் பேட்டுகளின் தகடு எம்14. இரண்டையும் இணைக்கும் அடாப்டரை விற்கிறார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்.

பாலிஷிங் மெஷினில் மூன்று வகை. முதலாவது ரோட்டரி. பேட் ஒரே மையத்தில் வட்டமாகச் சுற்றும், அவ்வளவுதான். வேகம் ஏறக்குறைய 600-இல் தொடங்கி 3000 வரை. மோட்டாரின் பலம் நேராகப் பேட்டுக்குப் போவதால் அழுத்தினாலும் நிற்காது. கெட்டியாக வெளுத்துப்போன ஜெல்கோட்டை அறுக்க, அதாவது கெட்ட மேல்தோலைச் சீவி எடுக்க, இதுதான் வேகமானது. இரண்டு குறைகள் உண்டு. ஒரே இடத்தில் சூடு சேரும், கை பழகாதவர் விளிம்புகளில் தோலை எடுத்துவிடலாம். அப்புறம், வெயிலில் சாய்வாகப் பார்த்தால் சுழல் சுழலாகக் கோடுகள் தெரியும். வெள்ளை போட்டில் இந்தக் கோடுகளை யாரும் கவனிக்க மாட்டார்கள். உங்களுடையது கருநீலம், பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

இரண்டாவது, உங்கள் நண்பர் சொன்ன டிஏ. பேட் சுற்றிக்கொண்டே மையம் விலகியும் ஆடும். ஆட்டத்தின் அகலம் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று மெஷினுக்கு மெஷின் மாறும். கோடு விழாது, சூடு பரவிவிடும், புதியவர் கையிலும் சேதம் குறைவு. ஆனால் சாதாரண டிஏவில் பேட் சுற்றுவது மோட்டாரின் கட்டாயத்தால் அல்ல. அழுத்தினாலோ, அணியத்தின் (போட்டின் முன்பக்கம்) வளைவில் பேட்டின் ஒரு பக்கம் மட்டும் பட்டாலோ, சுற்றல் நின்று வெறுமனே அதிரும். மெஷின் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், வேலை நடக்காது. பேட்டின் பின்தகட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள், சுற்றுகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது வகை, பல்சக்கரம் வைத்துக் கட்டாயமாகச் சுற்றவைக்கும் டிஏ. அழுத்தினாலும் நிற்காது, கோடும் மிகக் குறைவு. இரண்டின் நல்ல குணங்களும் இதில் ஓரளவு இருக்கின்றன. விலைதான் எட்டாது, சாதாரண ரோட்டரியைப் போல் சில மடங்கு ஆகும்.

சரி, உங்களுக்கு எது? தூள் கையில் ஒட்டும் அளவுக்கு வெளுத்திருப்பதால், ஒரே மெஷின் வாங்குவதென்றால் 180 மில்லிமீட்டர் ரோட்டரி வாங்குங்கள் என்பேன். சாதாரண டிஏவை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு கெட்ட மேற்பரப்பில் இறங்கினால் நாள்கணக்கில் தேய்த்துப் பாதியில் விட்டுவிடுவீர்கள். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், ரோட்டரியால் அறுத்த பிறகு கோடுகளை எடுக்க 15 மில்லிமீட்டர் ஆட்டம் உள்ள டிஏ ஒன்றை இரண்டாவதாகச் சேர்க்கலாம். கருநீலத்துக்கு அந்தக் கடைசிக் கட்டம் தேவைப்படும். அதை வாடகைக்கோ இரவலாகவோ ஒரு நாள் பெற்றாலும் போதும். இது என் தீர்ப்பு, வேறு மாதிரி சொல்லும் அனுபவஸ்தர்களும் இருக்கிறார்கள். மெஷினைக் கையில் பிடித்தே பழக்கமில்லை, நேரம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, பணமும் ஒரு பொருட்டில்லை என்பவருக்குப் பல்சக்கர டிஏதான் நிம்மதி. அதையும் நான் மறுக்கவில்லை.

வாட்ஸ் பற்றிக் கேட்டீர்கள். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது மெஷின் இழுக்கும் மின்சாரம், பேட்டில் கிடைக்கும் பலம் அல்ல. நம்பகமான கம்பெனியின் 1200 வாட்ஸ் ரோட்டரி உங்கள் போட்டுக்குத் தாராளம். பெரிய எண்ணைப் பார்த்து மயங்காமல் வேறு சிலவற்றைக் கவனியுங்கள். பாரிமுனையில் லிங்கி செட்டித் தெரு பக்கம் டூல்ஸ் கடைகளில் மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். டயலை ஒன்றில் வைத்து ஆன் செய்யுங்கள். உதறாமல் மெதுவாகக் கிளம்ப வேண்டும். சட்டென்று துள்ளினால் காம்பவுண்ட் (தேய்க்கும் பசை) எல்லாம் உங்கள் சட்டையில்தான் இருக்கும். குறைந்த வேகம் 600, 700 அளவுக்கு இறங்க வேண்டும். மிக முக்கியமானது, சுமை ஏறினாலும் வேகத்தைக் காக்கும் எலக்ட்ரானிக் வசதி. அது இல்லாத மலிவு மெஷினில் அழுத்தினால் வேகம் விழும், எடுத்தால் எகிறும். ஜெல்கோட்டைச் சுடுவது அந்த எகிறலில்தான். எடையையும் பாருங்கள். கார் பானெட் மேல் மெஷின் தானாக உட்காரும், போட்டின் பக்கவாட்டில் முழு எடையையும் உங்கள் தோள் தாங்க வேண்டும். மூன்று கிலோ மெஷின் முதல் அரைமணி நேரத்துக்கு லேசாகத்தான் இருக்கும். கார்பன் பிரஷ்ஷை வெளியிலிருந்தே மாற்ற முடிகிறதா, சென்னையில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். உப்புக்காற்றில் மெஷினுக்கு இரண்டும் சீக்கிரம் தேவைப்படும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் ஓல்டேஜைப் பாருங்கள். அமெரிக்க மெஷின் 120 ஓல்ட்டுக்குச் செய்தது, நம் 230-இல் நேராகச் செருகினால் அத்தோடு முடிந்தது. பேட்டரி மெஷின் அறுக்கும் வேலைக்கு ஒத்துவராது. 18 ஓல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 90 வாட்-ஹவர். அறுக்கும்போது மெஷின் 500, 600 வாட்ஸ் இழுத்தால் பத்து நிமிடத்தில் காலி. உங்கள் போட்டின் இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 13 சதுர மீட்டர் இருக்கும். இரண்டடிக்கு இரண்டடி கட்டமாக வேலை செய்தால் ஏறக்குறைய 35 கட்டம், கட்டத்துக்கு ஐந்தாறு நிமிடம். ஒரு சுற்றுக்கே மூன்று மணி நேரம் ஓடிவிடும். உங்களுக்கு இரண்டு சுற்றாவது வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் செய்யும் வேலை, மெஷினை வேறு எதற்கும் எடுக்கமாட்டேன் என்றால், கார் டீட்டெய்லிங் செய்யும் ஒருவரை மெஷினோடு ஒரு நாள் கூலிக்கு அழைப்பதையும் யோசியுங்கள். ஆனால் இது ஜெல்கோட், கார் பெயின்ட் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மெஷினைவிடப் பேட்டும் காம்பவுண்டும் விளைவை அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் அனுபவம். அறுக்க முறுக்கிய நூல் வூல் பேட், முடிக்க ஃபோம் பேட். பின்தகட்டைவிடப் பேட் பெரியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு ஜெல்கோட்டைக் கீறும். அமரத்தின் (போட்டின் பின்பக்கம்) ஒரு மூலையில் முதலில் காம்பவுண்டைக் கையால் தேய்த்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் கொஞ்சமாவது மினுங்கினால் வாட்டர் பேப்பர் இல்லாமலே மெஷினால் முடியும். மினுங்கவில்லை என்றால் வூல் பேட்டும் மெஷினும் வைத்து ஒரு கட்டம் செய்து பாருங்கள். அதற்கும் வராவிட்டால்தான் 1000 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 1500. பேப்பர் எடுத்தாலே ஜெல்கோட் வேகமாகக் குறையும். நேராக 600-இல் ஆரம்பிக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். காம்பவுண்டைக் குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, 1200, 1500-க்கு ஏற்றி, மெஷினை நிறுத்தாமல் மெதுவாக நகர்த்துங்கள். அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள், இதமான சூடு சரி, கை எடுக்க வேண்டிய சூடு தவறு. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் ஜெல்கோட் மெலிந்திருக்கும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுக் கையால் செய்யுங்கள். ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவெண்ணின் மேலும் டேப் ஒட்டுங்கள், பெயின்ட்டில் எழுதிய எண் வூல் பேட்டில் ஒரே இழுப்பில் போய்விடும். நீர்மட்டத்துக்குக் கீழே பாசி பிடிக்காத பெயின்ட் இருந்தால் அதில் மெஷினை வைக்கவே கூடாது. அதில் செம்பு போன்ற நச்சுப் பொருட்கள் உண்டு, தூளாகி மூச்சில் போகும்.

வேலைக்கு முன் உப்பை முழுக்கக் கழுவ வேண்டும். உப்புப் பொடி பேட்டில் சிக்கினால் அதுவே கீறும். ஈசிஆர் ஓரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கிறது. அதில் கழுவினாலும் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வையுங்கள். நேரம், காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை. அதற்கு மேல் கருநீலப் பரப்பு வெயிலில் கொதிக்கும், காம்பவுண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஒட்டும், ஃபோம் பேட்டின் வெல்க்ரோ பசை இளகிக் கழன்றுவரும். ஓலைக் கொட்டகையோ நிழலோ கிடைத்தால் நாள் முழுக்கச் செய்யலாம். மாதம் என்று பார்த்தால் மழைக்காலம் முடிந்து ஜனவரியிலிருந்து மார்ச் வரை எளிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் ஆளும் பொருளும் கிடைப்பது கடினம், துறைமுகத்தில் எல்லோரும் அப்போதுதான் படகைப் பழுது பார்ப்பார்கள்.

பாதுகாப்பைக் கடைசியில் சொல்வதால் அலட்சியம் செய்துவிடாதீர்கள். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று 230 ஓல்ட் மெஷினைப் பிடிக்கப் போகிறீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் மெஷினைச் செருகாதீர்கள். ரப்பர் செருப்பு போடுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயர் நீளமாகப் போனால் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வையுங்கள், இணைப்புகளைத் தரையில் போடாமல் தொங்கவிடுங்கள். லுங்கி, தொளதொள சட்டை, கழுத்தில் துண்டு எதுவும் கூடாது. வூல் பேட் ஒரு முனையைப் பிடித்தால் சுருட்டிக்கொண்டு போய்விடும், ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். தூளுக்கு என்95 மாஸ்க்கும் கண்ணாடியும்.

பளபளப்பு வந்த அன்றே வாக்ஸ் போட்டு மூடிவிடுங்கள், வெறும் ஜெல்கோட்டை வெயிலில் விட்டால் மறுபடி அதே கதை. டப்பாவில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று போட்டிருப்பார்கள். நம் வெயிலுக்கும் உப்புக்கும் அந்தக் கணக்கு நிற்பதை நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் பரவ ஆரம்பித்தால் மறுபடி போட வேண்டிய நேரம், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் வரும். அதற்குக் கையே போதும், மெஷின் வேண்டாம். பின்னால் உடைந்த இடத்தைச் சேர்க்கவோ பெயின்ட் அடிக்கவோ எண்ணம் இருந்தால் சிலிக்கான் கலந்த கார் பாலிஷைத் தவிருங்கள், அதன் மேல் எதுவும் சரியாகப் பிடிக்காது. தார்ப்பாயைப் போட்டின் உடம்போடு ஒட்டிக் கட்டினால் காற்றில் அடித்து அடித்து அதுவே தேய்த்துவிடும், கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள்.

மெஷின் வாங்குவதற்கு முன் தண்ணீர்ச் சோதனையும் தின்னர்ச் சோதனையும் செய்து, நனைந்த படம் ஒன்று, காய்ந்த படம் ஒன்று போடுங்கள். ஜெல்கோட்தான் என்று உறுதியானால் எந்தக் காம்பவுண்டில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.